மறு: நாய்க்கு வர்ற உப்புசம் - வேற சொல் வேணுமா?

> மாட்டுக்கு உப்புசம்னு டாக்டருங்களே சொல்றாங்க, நாய்க்கும் அதையே வெச்சுக்கலாமே, புதுசா எதுக்கு?

அண்ணா, சிக்கலே அங்கதான். மாட்டுக்கு உப்புசம்னா ஈரத்தோட குதிரைமசால் மாதிரி எதையாவது அதிகமா மேஞ்சு காத்து கட்டிக்கிறது, எண்ணெய் புகட்டுவாங்க, முத்திப்போனா இடது விலாப்பக்கம் குத்தி காத்தை எடுப்பாங்க. நாய்க்கு காத்து ரொம்புன இரைப்பை அப்படியே சுத்திக்கிது, உணவுக்குழாய் பக்கமும் குடல் பக்கமும் ரெண்டும் அடைச்சுக்கும், மண்ணீரலும் கூடவே இழுபட்டுப் போகும், இதயத்துக்கு ரத்தம் திரும்புற பெரிய நாளம் அமுங்கி ஷாக்குல போயிடும், சில மணி நேரத்துல கதை முடிஞ்சிடும்.

எங்க ஜெர்மன் ஷெப்பர்டு ராத்திரி சாப்பிட்டு கொஞ்ச நேரத்துல எக்கி எக்கி வாந்தி எடுக்கப் பாக்குது, வெள்ள நுரைதான் வருது, வயித்துல தட்டுனா தவில் மாதிரி சத்தம். போன்ல கேட்டா "உப்புசம்தானே, பெருங்காயத் தண்ணி குடுங்க"ன்னாங்க. அந்த ஒரு சொல்லுக்கு ஒன்றரை மணி நேரம் போச்சு. எக்ஸ்ரேல இரைப்பை நடுவுல மடிப்பு விழுந்து ரெண்டு பலூனா தெரிஞ்சுது. ஆபரேஷன் பண்ணித்தான் பொழச்சுது.

நாய்க்கு வர்றதுக்கு 'முறுக்கம்'னு வெக்கலாம்னா எனக்கு ஒத்துவரல, 'வயித்த முறுக்குது'ன்னா நம்ம ஆளுங்க பாத்ரூமுக்குத்தான் ஓடுவாங்க. என் வோட்டு 'இரைப்பைத் திருகல்'. பாட்டில் மூடிய திருகுற மாதிரின்னு சொன்னா யாருக்கும் புரியும். திருகாம வெறும் காத்து மட்டும்னா 'இரைப்பை உப்பல்'. வெளிய இருந்து பாத்து எதுன்னு சொல்ல முடியாது, ரெண்டுக்குமே டாக்டர்கிட்ட ஓடணும்னு பக்கத்துலயே ஒரு வரி போட்டுடுங்க.

நாம எழுதுறதுல தடுப்புப் பகுதிக்கு, கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், ஷெப்பர்டுன்னு ஒடுங்கி ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு ரிஸ்க் ஜாஸ்தி, வயசாக ஆக இன்னும் கூடும், தாய் தகப்பன் கூடப்பிறந்தது எதுக்காவது வந்திருந்தாலும் அப்படித்தான். ஒரே வேளைக்கு மலை மாதிரி கொட்டாம ரெண்டு மூணா பிரிச்சுப் போடணும், லபக்லபக்னு முழுங்குற நாய்க்கு மெதுவா சாப்பிட மேடுபள்ளம் வெச்ச தட்டு, சாப்பிட்ட கையோட பந்து எறியக் கூடாது. தட்டை ஸ்டூல் மேல வைக்கச் சொன்ன வரிய எடுத்துடுங்கண்ணா, அமெரிக்கால பர்டூ யுனிவர்சிட்டி ஆய்வுல உயரத்துல வெச்சு சாப்பிட்ட பெரிய நாய்களுக்குத்தான் அதிகமா வந்திருக்கு.

இரைப்பையை வலப்பக்க வயித்துச் சுவரோட சேத்துத் தைப்பாங்களே, கருத்தடை ஆபரேஷனோடயே சிலர் பண்ணிக்கிறாங்க, அதுக்கப்புறமும் காத்து கட்டி உப்பலாம், ஆனா திருகுறது ரொம்ப அபூர்வம். அதுக்கு 'இரைப்பைப் பிணைப்பு' எப்படி?

---

திருகல் ஓகே தம்பி, நடுவுல ஒற்று விட்டுடாதே. 'பிணைப்பு' கெமிஸ்ட்ரி கிளாஸ் மாதிரி இருக்கு, 'தையல்'னு போட்டா இரைப்பை கிழிஞ்சு தச்சதுன்னு நினைப்பாங்க, முளையில கட்டுற மாதிரிதானே, 'இரைப்பைக் கட்டு'ன்னு வெச்சா என்ன? ஸ்டூல் வரிய தூக்கிட்டேன். நாய் இப்ப ஒழுங்கா சாப்பிடுதா?