பினாங்குல தமிழ்ல பேசற மனநல கவுன்சலர் யாராச்சும் தெரியுமா?

வணக்கம் மக்களே, இங்க ஒரு தனியார் யுனிவர்சிட்டில 11 வருஷமா லெக்சரரா இருக்கேன், கொஞ்ச மாசமாவே முடியல. கிளாஸ் எடுக்கறது பிரச்சனையே இல்ல, அதுதான் ஒரே நிம்மதி. மார்க்கிங், அக்ரெடிடேஷன் ஃபைல், ஸ்கோப்பஸ்ல (ஆராய்ச்சிக் கட்டுரை பட்டியல்) இத்தன பேப்பர் வரணும்னு கேபிஐ டார்கெட், ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்ல "சார் அசைன்மென்ட் டேட் தள்ளி வைங்க சார்"... நேத்து காலைல கார் பார்க்ல எஞ்சின ஆஃப் பண்ணிட்டு இருவது நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தேன், இறங்க கால் வரல, வாங்கின நாசி லெமாக் பொட்டலம் சாயங்காலம் வரைக்கும் பிரிக்காம சீட்டுலயே கிடந்துச்சு.

வீட்டுல "ஏசி ரூம்ல உக்காந்து செய்யற வேலதானே"ங்கறாங்க. எஸ்டேட்ல பால் மரம் வெட்டின அம்மாகிட்ட என்னத்த சொல்றது? (உலக சுகாதார நிறுவனமே 2019ல பர்ன்அவுட்ட, அதாவது வேலை அழுத்தத்துல முழுசா சோர்ந்து போறத, ஐசிடி-11ங்கற அவங்களோட நோய் வகைப்பாட்டுப் பட்டியல்ல வேலையால வர்ற நிலைன்னு போட்டிருக்கு, வியாதின்னு இல்ல.)

ஹீல் லைன்னு சுகாதார அமைச்சோட மனநல உதவி நம்பர் 15555க்கு ஒருதடவ அடிச்சேன், நல்லாத்தான் பேசினாங்க, ஆனா நேர்ல தமிழ்ல கொட்டணும் போல இருக்கு. ஜெலுத்தோங், பட்டர்வொர்த் பக்கம் யாராச்சும் இருக்காங்களா, ஃபீஸ் எவ்ளோ? அப்புறம் இதுக்கு எம்சி (மெடிக்கல் லீவு) எடுத்தா எச்ஆர் ரெக்கார்டுல நிக்குமா? தெரிஞ்சவங்க பிஎம் பண்ணுங்க லா.