கடைசிச் சுற்றில் மஞ்சள் விளக்கு: உங்களை இன்னும் உறுத்தும் ரேஸ் எது?

ஆல்ஃபரெட்டா அப்பா

2025 பிப்ரவரி 23, அட்லாண்டா. மேலிருந்து ஆறாவது வரிசை, பக்கத்தில் பதினோரு வயது மகள். அவளுக்கு அதுதான் முதல் நேரடி நாஸ்கார் (அமெரிக்க கார் பந்தயத் தொடர்) ரேஸ்.

முந்தின வாரம் டேடோனா 500ஐ வீட்டில் இருவரும் சேர்ந்து பார்த்தோம். கடைசிச் சுற்றில் பேக்ஸ்ட்ரெட்சில் (முடிவுக் கோட்டுக்கு எதிர்ப்பக்க நேர்பாதை) ஹாம்லின், சின்ட்ரிக், கஸ்டர் எல்லோரும் மோதிச் சிதறினார்களே, அப்போதும் பச்சை அப்படியேதான் இருந்தது, எல்லோரும் வேகம் குறைத்து முந்தாமல் ஓட வேண்டும் என்று சொல்லும் மஞ்சள் விளக்கு எரியவில்லை. பின்னால் இருந்த பைரன் வெளிப்பக்கமாகப் புகுந்து வந்து ஜெயித்தார். "ஏம்ப்பா மஞ்சள் போடலை?" என்று கேட்டாள். நான் ரொம்ப உறுதியாகச் சொன்னேன்: கடைசிச் சுற்று என்றால் முடிந்தவரை ஓட விடுவார்கள், யார் ஜெயித்தது என்று முடிவுக் கோட்டில்தான் தெரியணும்.

ஏழு நாள் கழித்து அட்லாண்டாவில் ஓவர்டைம் (கூடுதல் சுற்றுகள்), கடைசிச் சுற்றுக்கான வெள்ளைக்கொடி விழுந்தாச்சு, பெல், ஹோஸ்வர், லார்சன் மூவரும் ஒட்டிக்கொண்டு பேக்ஸ்ட்ரெட்சில் போகிறார்கள், ஸ்டாண்டில் ஒருவர் கூட உட்கார்ந்திருக்கவில்லை. பின்னால் மோதல். மஞ்சள் விளக்கு எரிந்தது. அவ்வளவுதான், ரேஸ் முடிந்தது, பெல் ஜெயித்தார். மகள் காதில் மாட்டியிருந்த சத்தம் தடுக்கும் மஃபை ஒரு பக்கம் தூக்கிவிட்டு, "அப்பா, இன்னும் யாரும் கோட்டுக்கே வரலையே" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

பெல் மேல் எந்த வருத்தமும் இல்லை, அவர் நன்றாகத்தான் ஓட்டினார். ஒரே மாதிரி மோதல், ஒரே மாதிரி சுற்று, ஒரு வாரம்தான் இடைவெளி. அதெப்படி இரண்டு தீர்ப்பு?

பழைய ஆறாம் நம்பர்

2007 டேடோனா 500. இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு இந்த ஒரு வரி போதும், இருந்தாலும் சொல்கிறேன்.

நான் அப்போது மாணவன், நான்கு பேர் ஒரே அபார்ட்மென்ட். மற்ற மூவருக்கும் கிரிக்கெட் மட்டும்தான், நான் ஒருவன்தான் டிவிக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க் மார்ட்டின் முன்னால். அதுவரை அவர் டேடோனா 500 ஜெயித்ததே இல்லை. நாலாவது திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது பின்னால் மொத்தக் கூட்டமும் மோதிச் சுழல ஆரம்பித்துவிட்டது, வெளிப்பக்கம் ஹார்விக் ஏறி வருகிறார், நான் "மஞ்சள், மஞ்சள், மஞ்சள்" என்று கத்துகிறேன், மஞ்சள் வரவே இல்லை. 0.020 நொடி வித்தியாசத்தில் ஹார்விக் ஜெயித்தார். கிளின்ட் போயர் கார் தலைகீழாக, தீப்பிடித்தபடி கோட்டைத் தாண்டியது. அதற்குக் கூட மஞ்சள் இல்லை என்றால் வேறு எதற்குப் போடுவார்கள்?

2003 வரை மஞ்சள் விழுந்தாலும் கோடு வரை போட்டி போட்டுக்கொண்டு வரலாம். அந்த வருஷம் செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் டேல் ஜாரெட்டின் கார் பாதை நடுவில் நின்றுவிட, மற்றவர்கள் கோட்டை நோக்கி அவர் பக்கமாகச் சீறிக்கொண்டு வந்ததைப் பார்த்து எல்லோருக்கும் வயிறு கலங்கியது. அதன் பிறகுதான், விளக்கு எரிந்த நொடியில் யார் எங்கே இருக்கிறாரோ அதுதான் வரிசை என்று மாற்றினார்கள். நல்ல விதி. ஆனால் விளக்கை எரிக்கும் அந்த ஒரு கைக்கு ரேஸையே முடிவு செய்யும் அதிகாரத்தையும் அந்த விதிதான் கொடுத்தது. 2007இல் மோதல் ஆரம்பித்த நொடியில் விளக்கு எரிந்திருந்தால் மார்ட்டின் ஜெயித்திருப்பார். அவர் அதைப் பெரிதாக்கவில்லை. டேடோனா 500 ஜெயிக்காமலேயே ஓய்வு பெற்றார். நான் இன்னும் அந்த வீடியோவை முழுசாகப் பார்ப்பதில்லை, நாலாவது திருப்பம் வந்ததும் நிறுத்திவிடுவேன்.

டர்ன் ஃபோர்

மேலே இரண்டு பேரும் எதிரெதிராகப் பேசுகிறீர்கள், கவனித்தீர்களா? ஒருவர் மஞ்சள் போட்டது தப்பு என்கிறார், இன்னொருவர் போடாதது தப்பு என்கிறார்.

நான் 2020 பிப்ரவரி 17 டேடோனாவில் இருந்தேன், ஞாயிற்றுக்கிழமை மழை, அதனால் திங்கள். ஹாம்லின் பிளேனியை 0.014 நொடியில் ஜெயித்தது எல்லாம் எனக்கு அப்புறம் படித்துத்தான் தெரியும். நான் பார்த்தது ரையன் நியூமன் கார் காற்றில் புரண்டு, ஓட்டுநர் பக்கமே இன்னொரு கார் இடித்து, தலைகீழாகத் தீப்பொறி பறக்கச் சறுக்கிக்கொண்டு வந்ததைத்தான். அதன் பிறகு காரைச் சுற்றிக் கறுப்புத் திரை பிடித்தார்கள். திரை பிடித்தால் என்ன அர்த்தம் என்று 2001இலிருந்து ரேஸ் பார்க்கிற எவருக்கும் தெரியும். பெரிய ஓட்டுநர் டேல் அர்ன்ஹார்ட் உயிர் போனதும் இதே டேடோனாவில், கடைசிச் சுற்றில்தான். என் பக்கத்தில் இருந்த பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். யாரும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து நியூமன் தன் இரண்டு மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வந்த படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதனால் ஆல்ஃபரெட்டா நண்பரே, அட்லாண்டாவில் மஞ்சள் போட்டது சரி. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 80 மீட்டருக்கு மேல் போகிறது கார். உடைந்து நிற்கிற காருக்குள் ஒருவர் இருக்கிறார், பின்னால் வருகிறவருக்குப் புகையில் எதுவும் தெரியாது. கோட்டில் யார் மூக்கு முன்னால் என்று பார்க்கிற சந்தோஷத்துக்காக அந்த நொடியைத் தள்ளிப்போடச் சொல்வதா?

ஆல்ஃபரெட்டா அப்பா

@டர்ன் ஃபோர், நான் அப்படிச் சொல்லவே இல்லை அண்ணா. அட்லாண்டா மஞ்சள் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் முந்தின வாரம் டேடோனாவில் சின்ட்ரிக், கஸ்டர் காருக்குள்ளும் ஆள் இருந்தாரே? அங்கேயும் பின்னால் புகைக்குள் கார்கள் வந்தனவே? அதே ரேஸில் சில சுற்றுக்கு முன்னால்தான் பிரீஸ் கார் காற்றில் எழும்பிப் புரண்டது, எல்லோருக்கும் பயம் இருந்த நேரம். உங்கள் வாதப்படி பார்த்தால் டேடோனாதான் தப்பு. எது சரி என்பதைக் கூட நான் கேட்கவில்லை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதையே செய்யுங்கள் என்கிறேன்.

ஆர்லாண்டோவாசி

மோதலுக்கு அப்புறம் போடுகிற மஞ்சளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது மோதலுக்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய ஒன்று.

2022 ஆகஸ்ட், டேடோனா. சனி ராத்திரி நடக்க வேண்டியது மழையால் ஞாயிறுக்குப் போனது. ரெகுலர் சீசனின் கடைசி ரேஸ், பட்டத்துக்கான கடைசிக்கட்டமான பிளேஆஃபில் யார் நுழைவது என்று அன்றுதான் முடிவு. நான் முதல் திருப்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், மேகம் கறுத்துக்கொண்டே வந்தது, என் மூக்குக் கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. துடைத்தேன். இரண்டாவது துளி. முன் வரிசையில் ஒரு அம்மா கையை நீட்டிப் பார்த்தார், அவர் கையிலும் ஈரம். கார்கள் முழு வேகத்தில் வந்துகொண்டே இருக்கின்றன, ஸ்லிக் டயர் (வரிப்பள்ளம் இல்லாத வழவழப்பான டயர்), கொஞ்சம் ஈரம் பட்டாலே பிடிப்பு போய்விடும். என் கண்ணாடிக்குத் தெரிந்த மழை விளக்கு போடுகிறவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

அடுத்த நொடி முன்னால் வந்த கூட்டம் மொத்தமும் முதல் திருப்பத்தில் பனிக்கட்டியில் சறுக்குவது மாதிரி மேலே போய் மோதியது. பின்னால் வந்த ஆஸ்டின் டில்லன் அந்த இடிபாட்டுக்குள் வழி கண்டுபிடித்து முன்னால் வந்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல் சிவப்புக்கொடி போட்டு ரேஸை நிறுத்தினார்கள், அப்புறம் மீதியை ஓட்டி அவரே ஜெயித்துப் பிளேஆஃபுக்குள் போனார். ட்ரூயெக்ஸ் வெளியே. அன்று பல ஓட்டுநர்கள் வெளிப்படையாகவே கோபப்பட்டார்கள். அந்த இரண்டு துளியை நான் மறக்கவே மாட்டேன்.

ரிச்மண்ட் பக்கம்

2013 செப்டம்பர், ரிச்மண்ட், இன்னும் ஏழு சுற்று, ரையன் நியூமன் முன்னால். ஜெயித்தால் சேஸுக்குள், அதாவது பட்டத்துக்கான கடைசிக்கட்டத்துக்குள். போயர் கார் சுழன்றது, மஞ்சள். எனக்கு முன்னால் இருந்த நியூமன் ரசிகர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு நாளில் ரேடியோ பேச்செல்லாம் வெளியே வந்து, தன் இன்னொரு ஓட்டுநர் ட்ரூயெக்ஸுக்காக ரேஸ் முடிவை மாற்ற முயன்றதாக போயர் அணிக்கு 3,00,000 டாலர் அபராதம், ட்ரூயெக்ஸை எடுத்துவிட்டு நியூமனைச் சேர்த்தார்கள், அப்புறம் ஜெஃப் கார்டனையும் பதின்மூன்றாவதாகச் சேர்த்தார்கள். சேஸ் இடம் கிடைத்தது சரி. ரேஸ்? அது கார்ல் எட்வர்ட்ஸ் ஜெயித்ததாகவே இருக்கிறது. கூப்பிட்ட மஞ்சளைத் திருப்பி வாங்க முடியாது. அதனால்தான் போடும்போது யோசித்துப் போட வேண்டும்.

ஸ்கேனர் பிரியர்

என் கதை சின்னது. 2021 டேடோனா 500, மழையால் நள்ளிரவு தாண்டிவிட்டது, நான் வீட்டில். கடைசிச் சுற்றில் கெஸலோவ்ஸ்கி, லொகானோ மோதித் தீப்பிடித்தது, ஆப்பில் ஸ்பாட்டர் (மேலிருந்து பார்த்து ஓட்டுநருக்கு ரேடியோவில் சொல்பவர்) குரலில் மஞ்சள் வந்துவிட்டது, என் டிவியில் மோதலே இன்னும் நடக்கவில்லை. மெக்டவல் ஜெயித்தார், ஆனால் விளக்கு எரிந்த நொடியில் அவர் எலியட்டுக்கு முன்னால் இருந்தாரா என்று படத்தைப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள்.

ஆல்ஃபரெட்டா நண்பருக்குச் சில விஷயம் சொல்ல வேண்டும். அடுத்த தடவை ஸ்கேனர் (அணிகளின் ரேடியோ பேச்சைக் கேட்கும் கருவி) இல்லாமல் போகாதீர்கள், டிராக்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும், மகளுக்கும் சேர்த்து இரட்டை ஹெட்செட் வாங்குங்கள். ஆறாவது வரிசை நல்ல இடம்தான், ஆனால் முடிந்தால் இன்னும் மேலே, பேக்ஸ்ட்ரெட்ச் முழுக்கத் தெரிகிற இடம். அணி சேனலை விட, ரேஸை நடத்தும் அதிகாரிகள் பேசும் ரேஸ் கண்ட்ரோல் சேனலைப் போட்டு வைத்துக் கேளுங்கள், அங்கே பேசுவதைக் கேட்டால் எதற்கு மஞ்சள் வருகிறது என்று கொஞ்சம் பிடிபடும். கடைசிச் சுற்றில் முன்னால் போகிறவரைப் பார்க்காதீர்கள், கூட்டத்தின் நடுவைப் பாருங்கள், மோதல் அங்கேதான் ஆரம்பிக்கும். கார் நகர்கிறதா, ஓட்டப்பாதையிலேயே நிற்கிறதா, உள்பக்கப் புல்வெளிக்கு இறங்கிவிட்டதா, இதை மூன்று நான்கு ரேஸ் எழுதி வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் புல்வெளிக்கு இறங்கினால் விட்டுவிடுகிறார்கள், பாதையில் நின்றால் போடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தைக்குக் காதில் பஞ்சு, இயர்பிளக் எல்லாம் போதாது, மஃப் வேண்டும், நீங்கள் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள், ஆனால் அதை நடுவில் தூக்க விடாதீர்கள். முடிந்ததும் ஓடிப்போய் காரை எடுக்காதீர்கள், பார்க்கிங்கிலேயே ஒரு மணி நேரம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். முக்கியமாக, கடைசிச் சுற்றில் இப்படித்தான் நடக்கும் என்று குழந்தைகளிடம் உறுதியாகச் சொல்லாதீர்கள்.

பழைய ஆறாம் நம்பர்

@ஸ்கேனர் பிரியர், "பெரும்பாலும்", "எனக்குத் தோன்றுகிறது". இருபது வருஷமாக ரேஸ் பார்க்கிறவர், காதில் ரேஸ் கண்ட்ரோல் குரல், கையில் நோட்டு, அதற்கப்புறமும் இந்த இரண்டு வார்த்தைதான் சொல்ல முடிகிறது. என் புகாரே அதுதான்.

கான்கார்ட்காரன்

நான் 2025 நவம்பர் ஃபீனிக்ஸ் பற்றி எழுத வந்தேன். ஹாம்லின் ரசிகன் நான். 208 சுற்று முன்னால் ஓடி, இன்னும் மூன்று சுற்றில் சாம்பியன், அப்போது பைரன் டயர் போய்ச் சுவரில் மோதினார், மஞ்சள். ஹாம்லின் நான்கு டயர் மாற்றினார், லார்சன் இரண்டு மட்டும் மாற்றி முன்னால் வந்தார், பட்டம் லார்சனுக்கு. என் மனைவி டிவியை அணைத்துவிட்டுத் தோளில் கை வைத்தாள். அது நூறு சதவீதம் சரியான மஞ்சள், அதில் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. வலிக்கிறது, ஆனால் உறுத்தவில்லை. ஆல்ஃபரெட்டா நண்பருக்கு இருப்பது வேறு, அவர் ஆளுக்கு எதுவும் போகவில்லை, இருந்தும் உறுத்துகிறது. டர்ன் ஃபோர் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் சனிக்கிழமை ராத்திரி ஓடும் சின்ன மண் டிராக் ஒன்று இருக்கிறது. அங்கே கொடி பிடிப்பவருக்கு எழுபது வயது இருக்கும். ரேஸ் தொடங்கும் முன் ஓட்டுநர்களை வட்டமாக நிற்க வைத்துச் சொல்வார்: கார் நின்றால் மஞ்சள், சுழன்று திரும்பவும் ஓடினால் பச்சை, கடைசிச் சுற்றுக்கும் இதேதான். ஒருநாள் ஒரு பையன் கடைசித் திருப்பத்தில் முன்னால் இருந்தான், பின்னால் ஒரு கார் நின்றது, கொடி விழுந்தது, மறுபடி தொடங்கியதில் அவன் மூன்றாவதாகப் போனான். இறங்கி நேரே கொடிக்காரரிடம் போனான். சண்டை வரும் என்று நினைத்தோம். அவர், "நின்னுச்சா இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பையன் கொஞ்ச நேரம் நின்றான், "நின்றது சார்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

டர்ன் ஃபோர்

@கான்கார்ட்காரன், மண் டிராக்கில் இருபது கார், டேடோனாவில் நாற்பது. ஒப்பிட முடியாது. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பதும் சீக்கிரம் போடுங்கள் என்பதுதான், எப்போதும் சீக்கிரம். 2007க்கும் சேர்த்து.

ஆல்ஃபரெட்டா அப்பா

@டர்ன் ஃபோர், நன்றி அண்ணா. 2007க்கும் சேர்த்து என்றீர்களே, ஆறாம் நம்பர் அண்ணா இதைப் படிக்க வேண்டும்.

அட்லாண்டாவில் நான் எடுத்த வீடியோ 40 நொடி இருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன், என் கை ஆடியதில் விளக்கு எரிகிற இடம் மட்டும் தெளிவாக இல்லை. மகள் போன வாரம் மறுபடி கேட்டாள், மோதல் நடந்து எத்தனை நொடி கழித்து விளக்கு வந்தது, டேடோனாவில் எத்தனை நொடி ஓட விட்டார்கள், இரண்டையும் அவள் நோட்டில் எழுதணுமாம். டேடோனாவுக்கு டிவி பதிவு இருக்கிறது, அவளே எண்ணிவிட்டாள். அன்று அட்லாண்டாவில் ஸ்கேனரில் ரேஸ் கண்ட்ரோல் சேனலைப் பதிவு செய்தவர் யாராவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.