புதுப்பிப்பு: விடாத அடிவயிற்று வலி, பிசியோதெரபிக்குப் பிறகு

ஆறு மாதத்துக்கு மேலாக அடிவயிற்றில் வலி, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். மகளிர் மருத்துவர் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார். இடுப்புத்தளத் தசைகள் (சிறுநீர்ப்பை, கருப்பையைக் கீழிருந்து தாங்குபவை) இறுகியே கிடக்கின்றனவாம். அதனால் அந்தத் தசைகளைச் சுருக்கிச் சுருக்கி விடும் கெகல் பயிற்சி இப்போது வேண்டாம் என்றார் பிசியோதெரபிஸ்ட். இறுகிய தசையை மேலும் இறுக்கினால் வலி கூடும். (எல்லோரும் முதலில் சொல்வது கெகலைத்தான்!) கையுறை அணிந்து, ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்டு, பிறப்புறுப்பின் உள்ளே விரலால் அந்தத் தசைகளை மெல்ல அழுத்தித் தளர்த்துகிறார். கூச்சமாகத்தான் இருந்தது. நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்திவிடுவார், அதுதான் தைரியம்.

வீட்டில் இரவு, அகலமான டப்பில் இடுப்பு மூழ்க வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் உட்கார்ந்து வயிறு எழும்ப மூச்சை இழுத்து மெல்ல விடுகிறேன். அப்புறம் நன்றாகத் தூக்கம் வருகிறது. வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து போக முடிகிறது. காய்ச்சலோ வழக்கத்துக்கு மாறான ரத்தப்போக்கோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.