புதுப்பிப்பு: கொலஸ்ட்ரால் மாத்திரையும் என் அசதியும்

ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாடின் 20 மில்லிகிராம் தொடங்கி இரண்டு மாதத்தில் மாடிப்படி ஏறவே முடியவில்லை, மாத்திரைதான் காரணமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் தசை பாதிப்பைக் காட்டும் சிகே ரத்தப் பரிசோதனை. நார்மல். டாக்டர் சொல்லி மூன்று வாரம் மாத்திரையை நிறுத்தியும் அசதி அப்படியே இருந்தது. துணி காயப்போடக் கையைத் தூக்கினால் தோள் கனக்கும்.

"தைராய்டும் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான் கைகொடுத்தது. டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைந்தால் ஏறும் ஹார்மோன்) 14, ரொம்ப அதிகம்! தைராய்டு குறைந்தால் அசதி வரும், கொலஸ்ட்ராலும் ஏறும், ஸ்டாட்டினால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடும் என்றார் டாக்டர். மாத்திரை தொடங்கும் முன்பே இதைப் பார்த்திருக்கலாம். சரி, போகட்டும்.

இப்போது காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் 50 மைக்ரோகிராம். காபிக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பதுதான் பெரிய தண்டனை. எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் 3.8. எதிர்பாராதது, ஸ்டாட்டின் இல்லாமலே கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் 172லிருந்து 138க்கு வந்துவிட்டது. சர்க்கரை இருப்பதால் அட்டோர்வாஸ்டாடினை 10 மில்லிகிராமாக மறுபடி தொடங்கினார். ஆறு வாரமாகிறது, அசதி திரும்பவில்லை.

ஸ்டாட்டினாலேயே தசைவலி வருகிறவர்களும் உண்டு. ஆனால் டாக்டரிடம் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.