புதுப்பிப்பு: சொரியாசிஸுக்கு மருத்துவரை மாற்றிய பிறகு

ஐந்து மாதங்களுக்கு முன், என் சொரியாசிஸ் தோல் நோய்க்கு ஒரு மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்ததையும், அதை நிறுத்தியதும் உடல் முழுவதும் சிவந்து செதில் செதிலாக உரிந்ததையும் இங்கே எழுதியிருந்தேன். வேறு தோல் மருத்துவரைப் பார்க்கச் சொன்ன அனைவருக்கும் நன்றி.

இந்நோய் மூட்டுகளையும் தாக்கக்கூடும் என்பதால், புதியவர் முதலில் என் விரல் மூட்டுகளை அழுத்திப் பார்த்து, காலையில் விறைப்பு இருக்கிறதா என்று கேட்டார். பத்து ஆண்டுகளில் யாரும் கேட்காத கேள்வி அது. இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றைப் பரிசோதித்த பிறகே, உடலின் நோயெதிர்ப்பு மிகையாகச் செயல்படுவதை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையைத் தொடங்கினார். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் விழுங்க வேண்டிய இம்மருந்தைத் தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், கிழமையைச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார்.

கைகால்கள் பெருமளவு தெளிந்துவிட்டன. உச்சந்தலை இன்னும் அடங்கவில்லை. இது தொற்றாத நோய் என்று உலக சுகாதாரப் பேரவை 2014இல் தீர்மானமே நிறைவேற்றியும், முடிதிருத்தகத்தில் எனக்கு இன்னும் தனித் துண்டுதான், அது வலிக்கிறது.