முட்டை ஓட்டுக்கு ஒரு வாரம் போதுமா?

செடிப்பித்தன்:
"முட்டை ஓட்டைக் கையால் நொறுக்கித் தொட்டியில் போடுங்கள், ஒரே வாரத்தில் செடிக்குக் கால்சியம் கிடைத்துவிடும்" என்று நேற்று துளிர் எழுதியிருந்தார். அதற்கு வரிசையாக நன்றி வேறு. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. ஓட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் அதேதான். வெறும் தண்ணீரில் அது கரைவது மிக மிகக் குறைவு. ஒரே வாரமாம்!

துளிர்:
ஆமாம், ஒரே வாரம்தான். என் தக்காளியில் காயின் அடிப்பக்கம் கறுத்து அழுகிக்கொண்டே இருந்தது. ஓடு போட்டேன். அடுத்து வந்த காய்களில் அது இல்லை. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், நீங்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறீர்கள்.

செடிப்பித்தன்:
புத்தகமா? போன மாதம் ஒரு பழைய தொட்டியைக் கவிழ்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன் போட்ட ஓட்டுத் துண்டுகள் அப்படியே கிடந்தன. உள்பக்கச் சவ்வு மட்டும் போயிருந்தது. விளிம்பு இன்னும் விரலைக் கீறியது. அப்புறம், அந்த அடி அழுகல் பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இல்லாமல் வருவதில்லை. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளிப்பாட்டினால் வரும். கால்சியம் தண்ணீரோடு சேர்ந்துதான் காய்க்கு ஏறும். அந்தச் சமயம் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள், பெயரை ஓடு வாங்கிக்கொண்டது.

துளிர்:
எனக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாதா? பதினைந்து வருடமாகச் செடி வளர்க்கிறேன்.

கைவேலைக்காரி:
உரம் என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? மண்ணைத் திருத்துவதையா, செடிக்கு ஊட்டுவதையா? முதலில் அதைப் பேசுங்கள்.

துளிர்:
ஒரு வாரம். நான் பார்த்தேன்.

மண்புழு:
மாவாக அரைத்துப் போட்டால் சீக்கிரம் வேலை செய்யும், அதுவும் அமிலத்தன்மை உள்ள மண்ணில். அவசரம் என்றால் வினிகரில் போடுங்கள். நுரைத்துப் பொங்கி ஓடு கரையும்.

செடிப்பித்தன்:
அவர் அரைக்கச் சொன்னாரா? "கையால் நொறுக்கி" என்றார். "ஒரே வாரத்தில்" என்றார். வினிகரில் போட்டால் அது கால்சியம் அசிடேட், வேறு பொருள். பேச்சை மாற்றாதீர்கள்.

மண்புழு:
நானா மாற்றுகிறேன்? மட்குத் தொட்டி நாறுகிறது என்று ஒருவர் கேட்டபோது, காய்ந்த இலையும் கிழித்த அட்டையும் சேர்க்கச் சொன்னது நான். மறுநாள் அதையே உங்கள் யோசனை போல எழுதினீர்கள். மறக்கவில்லை.

செடிப்பித்தன்:
காய்ந்த இலை போடுவது உங்கள் கண்டுபிடிப்பா? ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம்.

கைவேலைக்காரி:
சண்டையை விடுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, அடியில் நான்கு ஓட்டை போட்டு நாற்று வளர்க்கிறேன். யாருக்காவது செய்முறை வேண்டுமா?

செடிப்பித்தன்:
வெயிலில் கிடந்தால் அந்தப் பாட்டில் நாளடைவில் மொறுமொறுவென்று உடைந்து, துகள் மண்ணோடு கலக்கும். அதற்கு முட்டை ஓடே மேல்.

துளிர்:
பார்த்தீர்களா, அவரே ஓடு மேல் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்!

செடிப்பித்தன்:
எதை ஒப்புக்கொண்டேன்? ஒரு வாரத்தில் கரையாது. இன்றும் அதுதான், நாளையும் அதுதான்.

கைவேலைக்காரி:
என் பாட்டில் நிழலில்தான் இருக்கிறது. கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

துளிர்:
இன்று காலை மூன்று ஓடு நொறுக்கிப் போட்டிருக்கிறேன். அடுத்த வாரம் செடியின் படம் போடுகிறேன்.

செடிப்பித்தன்:
செடியின் படம் எதற்கு? மண்ணைக் கிளறி, அந்த மூன்று ஓட்டின் படத்தைப் போடுங்கள்.