பக்கத்து பெட்ல ஒருத்தர் இருமிட்டே இருக்கார், அப்பாவுக்கு ஒட்டிக்குமா?

கரிசல்_பொண்ணு:
அப்பாவுக்கு சுகர் ஏறி கால்ல புண்ணு, அஞ்சு நாளா ஜெனரல் வார்டுல இருக்கோம். பக்கத்து பெட் பெரியவர் ராத்திரி முழுக்க இருமுறாரு, இன்னிக்கு சளி டெஸ்ட்டுக்கு டப்பா குடுத்துட்டு போனாங்க, டிபியா இருக்குமோன்னு வார்டே குசுகுசுன்னு பேசுது. அதைவிட என்னை உறுத்தினது, காலைல கட்டு மாத்த வந்தவங்க அவருக்கு ட்ரிப்ஸ் கழட்டின அதே க்ளவுஸோட அப்பா கால்ல கை வச்சுட்டாங்க. கேட்டா கோவிச்சுக்குவாங்களோன்னு வாயை மூடிட்டு இருந்துட்டேன். அப்பாவுக்கு மாஸ்க் போட்டு விட்டா மூச்சு முட்டுதுன்னு கழட்டி தலகாணிக்கு அடியில வச்சுடறாரு. ப்ரைவேட்ல ஏசி ரூமுக்கு மாத்திடலாமா?

நைட்டூட்டி_சிஸ்டர்:
கேளுங்கம்மா, தாராளமா கேளுங்க. நானே நர்ஸ்தான், சுருக்குன்னுதான் இருக்கும், ஆனா அடுத்த பெட்டுக்கு போறப்ப ஞாபகம் இருக்கும். க்ளவுஸ் ஒரு பேஷன்ட்டுக்கு ஒண்ணு, கழட்டினப்புறமும் கை கழுவணும், அது எங்களுக்கு முதல் நாள் சொல்லிக்குடுத்த பாடம். ஆள் பத்தாம ஓடுற ராத்திரில அது தப்பிப்போகுது, அதுக்காக சரின்னு சொல்லமாட்டேன், அதுவும் சுகர் புண்ணுல.
ஆனா உங்க கையையும் பாத்துக்கங்க. பெரியவர் பாவம்னு அவர் சொம்பு எடுத்து தண்ணி புடிச்சு குடுப்பீங்க, கட்டில் கம்பிய புடிச்சுட்டு நின்னு பேசுவீங்க, அப்படியே வந்து அப்பாவுக்கு இட்லி ஊட்டுவீங்க. கூட இருக்கறவங்க கைய யாரும் கணக்குலயே எடுக்கறதில்ல. சானிடைசர்னா 20-30 செகண்ட் தேய்க்கணும், வார்டுல யாருக்காவது பேதின்னா சோப்புத் தண்ணிதான், சில கிருமியோட வித்து சானிடைசருக்கு சாகாது.

வேப்பமர_நிழல்:
தலைமாட்டுல வேப்பிலை, கற்பூரம் வைங்க, எதுவும் அண்டாது.

லேப்_கண்ணாடி:
வேப்பிலை வாசனை நல்லா இருக்கும் அவ்வளவுதான் அண்ணே.
டிபி தட்டு டம்ளர்ல ஒட்டாது, தொட்டாலும் ஒட்டாது, இருமும்போது வர்ற பொடிப்பொடி துளி காத்துலயே மணிக்கணக்கா மிதக்கும், அதை மூச்சுல இழுத்தாதான். அதனால மாஸ்க் முதல்ல இருமுறவருக்கு போடச் சொல்லுங்க, சாதா மாஸ்க் போதும், உங்களுக்குன்னா என்95.
ஏசி ரூமை நம்பி போகாதீங்க, ஸ்ப்ளிட் ஏசி உள்ள இருக்கற காத்தையேதான் சுத்தி சுத்தி விடுது. பெரு நாட்டு லிமா ஆஸ்பத்திரிங்கள்ல அளந்து பாத்து 2007ல வெளியிட்டாங்க, கதவு ஜன்னல் திறந்து வச்ச ரூம்ல ஒரு மணி நேரத்துக்கு 28 தடவை காத்து மாறுச்சு, காத்து மாத்துற மெஷின் வச்ச ரூம்ல 12தான், அதுலயும் உசரமான கூரை பெரிய ஜன்னல் வச்ச பழைய கட்டடந்தான் ஜெயிச்சுது. நம்ம ஊரு பழைய ஜிஎச் கட்டடத்தை சும்மா திட்டிட்டு இருக்கோம்!
இன்னொண்ணு, அந்தப் பெரியவரை ஒதுக்கி வைக்காதீங்க. 1956ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச டிபி ஆராய்ச்சில கொஞ்சம் பேருக்கு வீட்லயே மாத்திரை, கொஞ்சம் பேரை சானடோரியத்துல, அதாவது டிபி ஆஸ்பத்திரில, வச்சு பாத்தாங்க, வீட்ல வச்சு பாத்ததால குடும்பத்துக்கு கூடுதலா பரவலை. நோய் தெரியறதுக்கு முன்னாடி இருமுன நாள்லதான் பெரும்பாலும் பரவுது. ரிசல்ட் வந்து மாத்திரை ஆரம்பிச்சா பயம் வெகுவா குறைஞ்சிடும். சுகர்காரங்களுக்கு டிபி சீக்கிரம் புடிக்கும், அப்பாவுக்கு ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா நீங்களே சொல்லி டெஸ்ட் கேளுங்க.

கரிசல்_பொண்ணு:
சாயங்காலம் கேட்டே புட்டேன், முணுமுணுத்துட்டே மாத்தினாங்க, ஆனா மாத்தினாங்க. பெரியவருக்கும் மாஸ்க் குடுத்தாச்சு, ரிசல்ட் நாளைக்காம். ஜன்னல்தான் பிரச்சினை, நான் திறக்க எதுத்த பெட் அம்மா கொசு வருதுன்னு சாத்த, ராத்திரி மூணு தடவை ஆச்சு.

நைட்டூட்டி_சிஸ்டர்:
கொசுவலை கேளுங்க, ஸ்டோர்ல கட்டி வச்சிருப்பாங்க, கேட்டாத்தான் எடுப்பாங்க.